கேமுக்கும் கோலுக்கும் ஒரே ஹெட்செட்: மலைநாட்டு வீட்டுக்கு எது சரிவரும்?

பகலில் கொழும்புக் கம்பனி ஒன்றுக்காக வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களோடு கோலில் பேசும் வேலை எனக்கு. இரவில் அதே கணினியில் தம்பி வெலோரன்ட் விளையாடுவான். வார இறுதியில் தங்கச்சிக்கு உயர்தரப் பரீட்சைக்கான சூம் வகுப்பு. மூன்று பேருக்கும் பொதுவாக ஒன்று, அதுவும் வயர் இல்லாததாக வாங்குவோம் என்று முடிவானதும், டிக்கோயாவிலும் ஹட்டனிலும் உள்ள கூட்டாளிகளிடம் இருந்ததையெல்லாம் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தோம். புளூடூத் ஹெட்செட், டொங்கிள் (கணினியில் செருகும் சின்ன யூஎஸ்பி துண்டு) வைத்த கேமிங் ஹெட்செட், இரண்டு வசதியும் சேர்ந்தது, காதுக்குள் செருகும் பட்ஸ் எல்லாம் கைக்கு வந்தன. பழைய வயர் ஹெட்செட் வீட்டிலேயே இருந்தது.

கடைக்குப் போனால் பாஸ் எப்படி அடிக்கிறது, எத்தனை நிறத்தில் வெளிச்சம் வருகிறது, 7.1 என்ற சுற்றொலி இருக்கிறதா என்றுதான் பேச்சு ஓடும். ஆனால் பாட்டுப் போட்டுப் பார்த்தால் எல்லாமே நல்ல ஹெட்செட்தான். மைக்கைத் திறக்கும்போதுதான் அதனதன் குணம் வெளியே வரும். மைக் திறந்ததும் காதில் கேட்கும் ஒலி என்ன ஆகிறது, கூரையில் விழும் மழை எதிர்ப்பக்கத்துக்கு எவ்வளவு போகிறது, நீங்கள் எவ்வளவு உரத்துப் பேச வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். இதில் தேறாதது எவ்வளவு பெரிய பெயர் போட்டிருந்தாலும் நம் பக்கத்து வீடுகளுக்கு ஆகாது.

புளூடூத்: மைக் திறக்கும்வரை குறையில்லை

பலரிடமும் ஏற்கனவே இருப்பது இதுதான். போனோடு உடனே சேரும், தனியாக எதையும் செருக வேண்டியதில்லை. கணினியில் சேர்த்து ஒரு படம் போட்டால் இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் தோன்றும்.

விளையாடுகிறவர்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கோர்ட் செயலியைத் திறந்து பேசத் தொடங்கியதும் கதை மாறும். வழக்கமான புளூடூத்தில் ஒலி போக இரண்டு தனித்தனி வழிகள் உண்டு. ஏ2டிபி என்பது நல்ல ஸ்டீரியோ, ஆனால் கணினியிலிருந்து காதுக்கு மட்டும்தான் போகும். ஹேண்ட்ஸ்ஃப்ரீ வழியில் இரு பக்கமும் பேசலாம், ஆனால் காதுக்கு வருவது மொனோ, அதுவும் தொலைபேசித் தரத்தில். மைக் வேண்டும் என்று ஏதாவது ஒரு செயலி கேட்டால் போதும், விண்டோஸ் முதல் வழியை விட்டு இரண்டாவதுக்குத் தாவிவிடும். அங்கே பழைய கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) ஒலியை வினாடிக்கு 8,000 மாதிரிகளாக எடுப்பதோடு நிற்கிறது; மாதிரி கூடினால் ஒலி தெளியும். அதற்குப் பின் வந்த எம்எஸ்பிசி 16,000 வரை போகும். சீடி காலத்திலிருந்து நம் காது பழகிய அளவு 44,100.

தம்பி முதல் ரவுண்டிலேயே ஹெட்செட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினான். "அண்ணே, கால் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருதுன்னே தெரியல. எல்லாம் நடு மண்டைக்குள்ள கேக்குது." மொனோவில் இடமும் இல்லை, வலமும் இல்லை. எதிராளி எந்த மூலையில் நடக்கிறான் என்பதைக் காதால் பிடிக்க வேண்டிய விளையாட்டில் அது போய்விட்டால் பாதி விளையாட்டே போன மாதிரி.

இதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது, காசும் செலவில்லை. விண்டோஸ் ஒலி அமைப்பில் வெளியீட்டுக்குப் புளூடூத் ஹெட்செட்டையும், உள்ளீட்டுக்கு லெப்டொப்பின் சொந்த மைக்கையோ ஒரு யூஎஸ்பி மைக்கையோ தெரிவு செய்யுங்கள். டிஸ்கோர்டுக்குள்ளும் அப்படியே மாற்றிவிடுங்கள். ஹெட்செட்டின் மைக்கை யாரும் தொடாதவரை ஸ்டீரியோ அப்படியே இருக்கும். புளூடூத் ஒன்று கையில் இருந்து புதிதாக வாங்க வசதியில்லாதவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம். ஆனால் லெப்டொப் மைக் நம் வாயிலிருந்து இரண்டு அடி தள்ளி இருக்கிறது. மழைக்காலத்தில் அது என்ன செய்யும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எல்இ ஓடியோ என்ற புதிய முறை இந்தச் சிக்கலைத் தீர்க்கவே வந்தது. 2020இல் புளூடூத் 5.2ஓடு அறிவிக்கப்பட்டது, எல்சி3 என்ற கோடெக்கைப் பயன்படுத்துகிறது. ஆனால் ஹெட்செட், கணினியின் புளூடூத் சிப், அதன் டிரைவர் மென்பொருள், விண்டோஸ் 11 எல்லாம் சேர்ந்து ஒத்துழைத்தால்தான் அதன் பலன் கிடைக்கும். நம் பக்கத்தில் ஓடும் கணினிகளில் பெரும்பாலானவை கொழும்பில் ஏதோ ஒரு அலுவலகம் கழித்துவிட்ட பழைய லெப்டொப்கள். பெட்டியில் புளூடூத் 5.3 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த எண் மட்டும் எல்இ ஓடியோ இருப்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அடுத்தது தாமதம். சாதாரண எஸ்பிசி கோடெக்கில் ஒலி காதுக்கு வந்து சேர 150 முதல் 250 மில்லிசெக்கன் வரை ஆகலாம். யூடியூபில் இது தெரியாது, ஏனென்றால் படத்தையும் அதே அளவுக்குத் தாமதித்துக் காட்டிவிடலாம். கேமில் அப்படிப் பிடித்துவைக்க முடியாது. மவுஸை அழுத்துகிறீர்கள், துப்பாக்கி உதைப்பது திரையில் தெரிகிறது, வெடிச் சத்தம் அப்புறம்தான் வருகிறது. மும்பை சேர்வரா சிங்கப்பூர் சேர்வரா, எதில் பிங் (சேர்வருக்குப் போய்வரும் தாமதம்) பத்து மில்லிசெக்கன் குறையும் என்று சண்டை போடுகிற பையன்கள், தலையில் மாட்டியிருப்பது அதைவிடப் பல மடங்கு தாமதிப்பதைக் கவனிப்பதில்லை.

டொங்கிள்: சின்னத் துண்டு, பெரிய வித்தியாசம்

கேமிங் ஹெட்செட்டோடு வரும் யூஎஸ்பி டொங்கிளும் புளூடூத் ஓடும் அதே 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில்தான் ஓடுகிறது. ஆனால் பேசும் முறை கம்பனியின் சொந்தமுறை. எந்த போனோடும் எந்தக் காரோடும் சேர வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. தன் ஒரே ஜோடியோடு மட்டும் பேசினால் போதும். அதனால் பொதுவாக 20 முதல் 40 மில்லிசெக்கனுக்குள் ஒலி வந்துவிடும், மைக்கைத் திறந்தாலும் ஸ்டீரியோ ஸ்டீரியோவாகவே இருக்கும். கணினிக்கு அது சாதாரண யூஎஸ்பி ஒலிக்கருவியாகத்தான் தெரியும். செருகினால் வேலை செய்யும், பெரும்பாலும் டிரைவர் தேட வேண்டியதும் இல்லை.

தம்பியின் முகத்தைப் பார்த்தே விடை தெரிந்துவிட்டது. அதன் பின் புளூடூத் ஹெட்செட்டை அவன் தொடவில்லை.

ஆனாலும் டொங்கிளுக்கும் எதிரிகள் உண்டு. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்து பார்த்தால் தெரியும்: வைஃபை பட்டியலைத் திறந்தால் வரிசை முழுக்க ரவுட்டர் பெயர்கள். ஒவ்வொரு வீட்டிலும் 4ஜி ரவுட்டர், பழையவற்றில் பல 2.4 மட்டும்தான் போடும். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். பத்துப் பன்னிரண்டு ரவுட்டர்கள் அந்த மூன்றுக்குள் நெருக்குப்படும்போது நடுவில் ஹெட்செட்டும் இடம் தேட வேண்டும். சத்தம் அங்கங்கே 'டிக்' என்று அறுபடும். உங்கள் ரவுட்டரில் 5 கிகாஹேர்ட்ஸ் இருந்தால் கணினியை அதற்கு மாற்றிவிடுங்கள். அது சுவரைத் தாண்டுவதில் கொஞ்சம் மந்தம்தான், ஒரே காம்பராவுக்குள் அது ஒரு பிரச்சினையே இல்லை.

இன்னொரு எதிரி கணினிக்குள்ளேயே இருக்கிறது. யூஎஸ்பி 3.0 இணைப்புகள் வேலை செய்யும்போது 2.4 கிகாஹேர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும் என்று இன்டெல் 2012இலேயே ஓர் ஆவணம் வெளியிட்டது. எங்கள் மேசைக் கணினியில் டொங்கிளைப் பின்பக்கம், வெளி ஹார்ட் டிஸ்குக்குப் பக்கத்துத் துளையில் செருகியிருந்தோம். டிஸ்கிலிருந்து படம் பிரதியாகும்போதெல்லாம் கரகரவென்று வந்தது, நிறுத்தினால் ஒலி சுத்தமானது. ஒரு மீற்றர் யூஎஸ்பி நீட்டிப்பு வயர் வாங்கி டொங்கிளை மேசைக்கு மேல், மொனிட்டருக்குக் கீழே கொண்டுவந்தோம். கரகரப்பு போன இடம் தெரியவில்லை. வயர்லெஸ் வாங்கிவிட்டு அதற்கு ஒரு வயர் வாங்குவது பார்க்க வேடிக்கைதான். சில கம்பனிகள் அந்த வயரைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுக்கின்றன. இருந்தால் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள்.

தூரத்தைப் பற்றி விளம்பரத்தில் போடும் கணக்கு திறந்த வெளிக்கு உரியது. காட்டுக்கல்லால் எழுப்பிய பழைய லயச் சுவர் ஒன்று நடுவில் வந்தாலே பாதி போய்விடும். ஆனாலும் பேசிக்கொண்டே குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வரலாம். வேலை நாளில் அந்தச் சுதந்திரம் சின்ன விஷயமில்லை.

மழை, தகரம், பக்கத்து வீடு

ஹட்டனிலிருந்து கொஞ்சத் தூரம் இறங்கினால் வட்டவளை. ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும் இடம், நாட்டிலேயே அதிக மழை காணும் ஊர்களில் ஒன்று. மே மாதம் தென்மேற்குப் பருவம் பிடித்தால் இந்தப் பக்கம் முழுக்க செப்டெம்பர் வரை விட்டு விட்டுக் கொட்டும். கூரை தகரம். கொழும்பில் இருந்து ஹெட்செட் பற்றிச் சொல்கிற யாரும் தகரத்தின் மேல் மழை விழும் வீட்டில் மைக்கைத் திறந்து பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

நாங்கள் பார்த்தோம். நல்ல மழை பிடித்த ஒரு மத்தியானம், என் வேலையில் நாள் முழுக்கச் சொல்கிற "வணக்கம், உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்ற வரியையே ஒவ்வொன்றிலும் சொல்லிப் பதிவு செய்து, மழை விட்டதும் கேட்டோம்.

பட்ஸில் மைக் காதோரம் இருக்கிறது, வாய்க்கும் அதற்கும் இடையில் ஒரு கன்னம் முழுக்க இடைவெளி. நான் பேசும்போது மழை கொஞ்சம் அடங்குகிறது, நிறுத்தியதும் திரும்ப மேலே எழுகிறது. மறுபடி தொடங்கினால் இரைச்சல் நீக்கி விழித்துக்கொள்வதற்குள் முதல் எழுத்துப் போய்விடுகிறது. "ணக்கம்" என்றுதான் வாடிக்கையாளருக்குக் கேட்டிருக்கும். தண்டு இல்லாமல் காதுக் கிண்ணத்துக்குள்ளேயே மைக் வைத்த ஹெட்செட் இதைவிடப் பரவாயில்லை, ஆனால் குரல் எங்கோ கிணற்றடியில் இருந்து வந்தது. லெப்டொப் மைக்கில் மழைதான் பேசியது, நான் பின்னணி.

வாய்வரை நீளும் தண்டு மைக் வைத்த கேமிங் ஹெட்செட்டில் நிலைமையே வேறு. மழை கேட்டது, ஆனால் பின்னால் ஒதுங்கி நின்றது, வார்த்தை ஒவ்வொன்றும் தெளிவு. இதில் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. மைக் வாய்க்கு எவ்வளவு கிட்ட இருக்கிறதோ அவ்வளவுக்குக் குரல் உரத்து விழும், மழை அதே அளவில்தான் இருக்கும். தண்டை வாய்க்கு நேரே வைக்காமல், உதட்டோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்தால் மூச்சுக் காற்று 'பூப்' என்று அடிப்பதும் நின்றுவிடும்.

எங்கள் பழைய மலிவு வயர் ஹெட்செட்டும் இதில் நன்றாகவே செய்தது. சொல்லப்போனால் குரலின் நிறத்தில் அதுதான் முதலாவது. வயர்லெஸ் கேமிங் ஹெட்செட்கள் பலவற்றில், பட்டரியையும் அலைவரிசையையும் மிச்சம் பிடிக்க மைக் ஒலியைச் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். அதனால் குரல் கொஞ்சம் மூக்கால் பேசுவது போல இருக்கும். கோலுக்கு அது போதும். யூடியூபுக்குக் குரல் பதிவு செய்கிறவர்கள் வயரிலேயே இருங்கள்.

மென்பொருள் கொண்டு இரைச்சலை நீக்குவது பற்றியும் ஒரு வார்த்தை. டிஸ்கோர்டில் கிறிஸ்ப் என்ற இரைச்சல் நீக்கி இருக்கிறது, சூமிலும் டீம்ஸிலும் அவர்கள் சொந்த வசதி இருக்கிறது. ஒரே சீராகப் பெய்யும் மழையை இவை நன்றாகவே வழித்து எடுத்துவிடும், அவற்றுக்குச் சிரமம் தருவது மனிதக் குரல்தான். பக்கத்து வீட்டு டீவியில் நாடகம் ஓடினால் அதில் அழுகிறவரும் உங்கள் மீட்டிங்கில் கலந்துகொள்வார். ஹெட்செட்டின் நீக்கி, சூமின் நீக்கி என்று இரண்டையும் ஒன்றாகப் போட்டால் குரல் நறுக்குப்பட்டுப் போகும். ஏதாவது ஒன்றை மட்டும் வைத்திருங்கள்.

ஏஎன்சி என்று சொல்லி விற்கும் வசதியையும் இதோடு குழப்ப வேண்டாம். அது உங்கள் காதுக்கு வரும் வெளிச் சத்தத்தைக் குறைப்பது, மறுமுனையில் கேட்பவருக்குப் போகும் இரைச்சலை அல்ல. அதிலும் அது திறமை காட்டுவது பஸ் எஞ்சின் போன்ற தாழ்ந்த உறுமலில்தான். தகரத்தில் விழும் மழையின் கீச்சு ஒலிக்கு, காதை முழுக்க மூடும் கிண்ணமும் நல்ல அழுத்தமான பஞ்சுமே அதிகம் உதவும்.

இனி பக்கத்து வீடு. பழைய லயங்கள் சிலவற்றில் இரண்டு வீட்டுக்கு நடுச்சுவர் கூரைவரை போகாது. காதை மூடிக்கொண்டு பேசுகிறவர் தன் குரல் தனக்கே கேட்காததால் தானறியாமல் சத்தம் போடுவார். இரவு பதினொரு மணிக்குத் தம்பி "ஏ பக்கம் வாடா, ஏ பக்கம்!" என்று கத்தினால், விடிந்தால் பெரட்டுக்கு (தோட்ட வேலைக்குக் காலையில் ஆள் சேர்க்கும் இடம்) போக வேண்டிய அந்த வீட்டு அக்கா என்ன சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள். இதற்கு மருந்து சைட்டோன். மைக்கில் விழும் உங்கள் குரலையே லேசாக உங்கள் காதுக்குத் திருப்பித் தரும் வசதி அது. அதைக் கூட்டி வைத்ததும் அவன் தானாகவே குரலைத் தணித்துவிட்டான், நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. பெட்டியின் முன்பக்கத்தில் இதை யாரும் போடுவதில்லை, கேட்டுத்தான் அறிய வேண்டும். என்னைக் கேட்டால் 7.1ஐ விட இது பத்து மடங்கு பெறுமதி.

7.1 என்பது இரண்டே ஸ்பீக்கர் உள்ள ஹெட்செட்டில் மென்பொருள் காட்டும் வித்தை. வெலோரன்டுக்குள்ளேயே ஹெச்ஆர்டிஎஃப் என்ற திசை உணர்த்தும் வசதி இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒலி குழம்பும். விளையாட்டுக்குள் இருப்பதைப் போட்டுக்கொண்டு ஹெட்செட்டில் இருப்பதை அணைத்துவிடுங்கள்.

கரண்டு, ஈரம், பட்டரி

2022 மார்ச் கடைசியில் நாள் ஒன்றுக்கு 13 மணி நேரம் கரண்டு இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்புறம் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடு முழுக்க இருட்டானது. மலையில் இதற்குக் குரங்குகூடத் தேவையில்லை, சவுக்கு மரக் கிளை ஒன்று கம்பியில் விழுந்தாலே போதும். ஆகவே பட்டரி எத்தனை மணி நேரம் என்பது இங்கே வெறும் விளம்பரக் கணக்கு இல்லை.

ஹைப்பர்எக்ஸ் கிளவுட் அல்ஃபா வயர்லெஸ் ஒரே சார்ஜில் 300 மணி நேரம் வரை என்கிறது. லொஜிடெக் ஜி435க்கு 18 மணி. ஸ்டீல்சீரிஸ் ஆர்க்டிஸ் நோவா 7க்கு 38 மணி. இவையெல்லாம் சத்தத்தை நடுத்தரத்தில் வைத்துக் கம்பனிகள் அளந்தவை, நிஜத்தில் கொஞ்சம் குறையும். 18 மணி என்றால் பகல் வேலைக்கும் இரவு விளையாட்டுக்கும் சரி, ஆனால் தினமும் சார்ஜில் போட வேண்டும். 30ஐத் தாண்டியது எதுவானாலும் எங்களைப் போன்ற வீட்டுக்குப் போதும். கரண்டு போனால் முதலில் சாவது ரவுட்டர். அதற்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று இல்லாமல் ஹெட்செட்டில் மட்டும் 300 மணி நேரம் வைத்திருந்து என்ன பயன்?

லித்தியம் பட்டரி எதுவானாலும் சில வருடத்தில் தளரும், பல ஹெட்செட்களில் அதை நாமாக மாற்ற முடியாது. வயர் ஹெட்செட்டுக்கு இந்தக் கவலையே கிடையாது. சார்ஜில் போட்டபடியே பாவிக்க முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள். முடிந்தால் பட்டரி தளர்ந்த பிறகும் கொஞ்ச காலம் இழுக்கலாம்.

ஈரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அலுமாரியில் பூஞ்சணம் பிடிக்காத வீடு இங்கே எது? காதுப் பஞ்சுக்கு மேல் போர்த்தியிருக்கும் செயற்கைத் தோலை ஈரம் மெல்ல அரித்து, கறுப்புச் சருகாய் உதிர வைக்கும். கழுத்திலும் தலையிலும் ஒட்டிக்கொள்ளும். துணி உறை போட்டது நீடிக்கும், கழற்றிக் கழுவவும் முடியும். துணியில் வெளிச் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கசியும், அவ்வளவுதான். நுவரெலியாப் பக்கம் உள்ளவர்களுக்குத் தை மாதக் குளிரில் காது மூடிய ஹெட்செட் ஒரு சுகம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

காசுக் கணக்கு

நோவா 7 2022இல் வெளிவந்தபோது அமெரிக்காவில் 180 டொலர். டொலரை 300 ரூபாய் என்று வைத்தாலே 54,000, அதற்குமேல் இங்கே வரி, 2024 ஜனவரி முதல் 18 சதவீத வற், இறக்குகிறவரின் இலாபம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயமானது. அந்தக் கணக்கில் 25 நாள் கொழுந்து பறித்தால் 33,750. அம்மாவின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும் பொருளை "கேம் விளையாட" என்று சொல்லி வாங்கிவர எனக்கு மனம் வராது. வேலைக்கும் சேர்த்து என்றால்தான் பேச்சுக்கே இடம்.

அந்த விலைக்கு நோவா 7 தருவது என்னவென்றால், டொங்கிளும் புளூடூத்தும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். கணினியில் கேம் ஓடிக்கொண்டிருக்க, போனில் வாட்ஸ்அப் கோல் வந்தால் அதே ஹெட்செட்டில் பேசலாம். குவைத்திலிருந்து அத்தை எப்போது எடுப்பார் என்று சொல்ல முடியாத வீடுகளில் இது வசதிதான், ஆனால் அந்த வசதிக்காக மட்டும் இவ்வளவு காசா? போன் கோலுக்குப் பட்ஸ் இருக்கிறதே. ஜி435இலும் இரண்டு வழியும் உண்டு, ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான், பொத்தானை அழுத்தி மாற்ற வேண்டும். வெளிவந்தபோது அதன் விலை 80 டொலர். 165 கிராம் எடை, கண்ணாடி போட்டவர்களுக்கும் நாள் முழுக்கப் போடுகிறவர்களுக்கும் அந்த இலேசு பெரிய வரம். சத்தத்தை 85 டெசிபலுக்குள் கட்டுப்படுத்தும் வசதியும் உண்டு, பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நல்லது. ஆனால் தண்டு மைக் கிடையாது, வயர் செருகும் 3.5 மில்லிமீற்றர் துளையும் கிடையாது. தகரக் கூரைக்கு அடியில் கோல் எடுப்பதே தொழில் என்றால் அந்த முதல் குறை கனமானது. சீலிங் அடித்த வீடு, அல்லது பெரும்பாலும் விளையாட்டுத்தான் என்றால் தாராளமாக எடுக்கலாம்.

கோல் சென்டர்காரர்கள் போடும் டெக்ட் (வயரில்லா வீட்டுத் தொலைபேசியின் முறை) வகையும் ஒன்று இருக்கிறது. 1.9 கிகாஹேர்ட்ஸ் பக்கம் ஓடுவதால் வைஃபை நெரிசல் அதைத் தொடாது, தூரமும் நன்றாகப் போகும். ஆனால் பேச்சுக்காகச் செய்தது, விலையும் கூட. கேமுக்கு ஆகாது, விட்டுவிடுவோம்.

நாங்கள் எடுத்தது டொங்கிள் மட்டும் உள்ள நடுத்தர விலை ஒன்று. தண்டு மைக்கை மேலே தூக்கினால் மியூட் ஆகும், துணிப் பஞ்சு, சைட்டோன் உண்டு. புளூடூத் இல்லை என்று தங்கச்சி மட்டும் முகத்தைச் சுருக்கினாள். பழைய வயர் ஹெட்செட் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சார்ஜ் போட மறந்த நாளில் அதுதான் கை கொடுக்கிறது. விளையாட்டே இல்லாத, கோலும் வகுப்பும் மட்டும் உள்ள வீட்டுக்கு நான் டொங்கிளைச் சொல்ல மாட்டேன். தண்டு மைக் உள்ள ஒரு யூஎஸ்பி வயர் ஹெட்செட்டே போதும், கால், அரைக்கால் விலையில் முடிந்துவிடும். விளையாட்டு மட்டும், யாரோடும் பேசுவதில்லை என்பவரும் வயரில் விளையாடலாம், தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டும் ஒரே மேசையில் நடக்கும்போதுதான் டொங்கிளுக்குக் கொடுக்கும் காசு தகும்.

கொழும்புக்குப் போகிற வேலை இருந்தால் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் தலையில் மாட்டிப் பார்த்தே வாங்கலாம். இல்லாவிட்டால் கண்டி, அதுவும் இல்லாவிட்டால் டராஸ் இணையக் கடை. எங்கே வாங்கினாலும் வரன்டி டொங்கிளுக்கும் சேர்த்தா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். பல மாடல்களில் டொங்கிள் தனியாகக் கிடைப்பதில்லை, அது தொலைந்தால் ஹெட்செட்டும் தொலைந்த மாதிரிதான். எங்கள் டொங்கிளை நீட்டிப்பு வயரோடு சேர்த்து மேசைக்காலில் டேப் போட்டு ஒட்டிவிட்டோம், தம்பி கூட்டாளி வீட்டுக்குக் கழற்றிக்கொண்டு போகாமல் இருக்க.